தூக்குக் கயிற்றின் பயம் எவ்வளவு தூரம் எட்டும்?

ஆறு பேரைக் கொன்ற குற்றத்துக்காக ஆட்டோ சங்கருக்கு 1991 மே மாதத்தில் செங்கற்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது, இனி இத்தகைய பாதகத்துக்கு ஒருவனும் துணிய மாட்டான் என்று ஆறுதல் கொண்டவர்கள் அநேகர் இருந்திருப்பார்கள்.

ஆனால் மாமல்லபுரம் கடலோரத்தில் ஆட்டோவில் கள்ளச்சாராயம் கடத்திப் பிழைக்கத் தொடங்கி, பின்பு திருவான்மியூரில் விபசாரத் தொழில் நடத்துமளவுக்குத் தழைத்த அம்மனிதன், 1987, 88ஆம் ஆண்டுகளில் அந்தக் கொலைகளைச் செய்து, சில சடலங்களை வீட்டுக்குள்ளேயே புதைத்தும் சிலவற்றை எரித்துக் கடலில் எறிந்தும் மறைத்துக்கொண்டிருந்த போதெல்லாம், கொலைக்குத் தூக்கு என்ற சட்டம் அமலில்தானே இருந்தது? பிணத்தை ஒளிக்க அத்தனை பிரயாசைப்பட்டவன் அஞ்சியது, என் அபிப்பிராயத்தில், அகப்படுவதற்கே. அகப்பட மாட்டோம் என்ற தைரியம் இருந்தவரையில் தூக்குமேடை அவன் நினைவில் நிழலாகக்கூட விழவில்லை. 1990இல் சென்னை மத்திய சிறையிலிருந்தே தப்பியோடி, ஒரிஸாவில் ரூர்கேலாவில் பிடிபட்டு, 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அதன்பின் தமிழ்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை.

இது ஒருவனின் கதை மட்டுமன்று. திருவாங்கூர் சமஸ்தானம் 1944இல் மரண தண்டனையை நீக்கியிருந்தது. சுதந்திரத்துக்குப் பின் அத்தண்டனை மீண்டும் வந்தபோது கொலைகள் குறைந்துவிடவில்லை. கானடா தேசம் 1976இல் அதைக் கைவிட்டபின் அங்கே கொலை விகிதம் இறங்கியதேயன்றி ஏறவில்லை. ஆயுள் தண்டனையைவிட அதிகமாக மரண தண்டனை குற்றத்தைத் தடுப்பதற்கு ஆதாரமில்லை என்றே நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான நமது சட்ட ஆணையமும் 2015இல் கூறி, பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு அதை ஒழிக்கும்படி சிபாரிசு செய்தது.

அகப்படுவோம் என்ற அச்சமே குற்றத்தைத் தடுக்குமென்றால், புலனாய்வே முக்கியமாகிறது. 2017இல் முகலிவாக்கத்தில் ஒரு பச்சிளஞ் சிறுமி சிதைத்துக் கொல்லப்பட்ட வழக்கில், ஊரே கொதித்திருந்த வேளையில் இதே செங்கற்பட்டின் மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமோ, தற்காப்புக்குரிய நியாயமான வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்றும், சாட்சியங்களின் சங்கிலி நிரூபணமாகவில்லை என்றும் கண்டு, குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுதலை செய்துவிட்டது. தீர்ப்பின் வேகத்தையும் கடுமையையும் அன்று கொண்டாடிய நாம், புலனாய்வின் தரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அக்குழந்தையைக் கொன்றவர் யார் என்பது எட்டு வருஷங்களுக்குப் பிறகும் எந்த நீதிமன்றத்திலும் நிலைத்து நிற்கும்படி நிரூபிக்கப்படாமலே இருக்கிறது.