கரித்தூளுக்கு நடுவே பள்ளிக்கூடம்... பேத்திக்காக 455 மைல் நடந்த தாத்தா!

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம், மலைகளுக்கும் நிலக்கரிக்கும் பேர்போனது. அங்கே சன்டயல் என்ற சிற்றூரில் இருந்தது மார்ஷ் ஃபோர்க் தொடக்கப்பள்ளி. பள்ளியிலிருந்து சுமார் 225 அடியில், நிலக்கரியைக் கொட்டிவைக்கும் ராட்சதக் கிடங்கு. சுமார் 400 கெஜம் தள்ளி, மேட்டில், நிலக்கரி கழுவிய கறுப்புச் சேற்றைத் தேக்கும் அணை. கொள்ளளவு 280 கோடி காலன்!

அணையைப் பார்த்து ஊர் பயந்ததற்குக் காரணம் உண்டு. 1972-ல் இதே மாநிலத்தின் பஃபலோ க்ரீக்கில் இப்படியொரு சேற்று அணை உடைந்து, 125 பேர் இறந்துபோனார்கள்.

எட் வைலி, சுரங்க வேலை பார்த்தவர். மார்ஷ் ஃபோர்க்கில் படித்த பேத்திக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போக, பாதியிலேயே வீட்டுக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. அவருக்குச் சந்தேகம் கரித்தூளின் மேல்தான். குழந்தைகள் தங்கள் எடைக்கு, பெரியவர்களைவிட அதிகமாகக் காற்றைச் சுவாசிப்பவர்கள். நுரையீரலும் வளர்கிற வயது. தூசி அவர்களைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

‘பள்ளியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்’ என்பதுதான் கோரிக்கை. ‘பள்ளி பாதுகாப்பாகவே இருக்கிறது’ என்று பதில் வந்தது. வைலி சும்மா இருக்கவில்லை. 2006-ல் மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டனிலிருந்து வாஷிங்டன் வரை 455 மைல் நடந்தே போனார். புதுப் பள்ளிக்காகச் சில்லறைக் காசு திரட்டும் இயக்கமும் நடந்தது.

ஆனால், அந்த ஊரில் அடுப்பெரிவதும் நிலக்கரியால்தான். 2009 ஜூனில் பள்ளி அருகே நடந்த போராட்டத்தில் விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன், நடிகை டாரில் ஹன்னா உள்ளிட்டோர் கைதானார்கள். அதே இடத்தில், ‘எங்கள் பிழைப்பில் கை வைக்காதீர்கள்’ என்று சுரங்கத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு திரண்டு எதிர்க்குரல் எழுப்பினார்கள். பிள்ளையின் மூச்சா, அப்பாவின் சம்பளமா என்று ஊரே இரண்டுபட்டது.

2010 ஏப்ரலில் அதே பள்ளத்தாக்கின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 தொழிலாளர்கள் பலியானார்கள். அந்தச் சுரங்கமும், பள்ளிக்கு அருகிலிருந்த கிடங்கும் ஒரே குழுமத்துடையவை. அந்த ஆண்டிலேயே புதுப் பள்ளிக்கு வழி பிறந்தது. அன்னென்பெர்க் அறக்கட்டளை 25 லட்சம் டாலர் தந்தது. அரசும் நிலக்கரி நிறுவனமும்கூடப் பங்கு கொடுத்தன.

2013 ஜனவரியில், ராக் க்ரீக்கில் புதிய கட்டடத்துக்குப் பிள்ளைகள் இடம்மாறினார்கள். கிடங்கு நகரவில்லை, அணையும் நகரவில்லை. பள்ளிதான் நகர்ந்தது. அதற்கே இத்தனை ஆண்டுகள்!