தூக்கு வெறுமையாகத் திரும்பாது... பட்டு நெய்யும் ஆரணியில் பந்திக்கு வரும் நம்பிக்கை!

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தூக்கில் மீன் குழம்பு வருகிறது. அன்று இரவே குழம்பு காலி. ஆனால் தூக்கு மட்டும் கழுவிக் கவிழ்த்தபடி இரண்டு நாளாகச் சமையலறை மேடையிலேயே இருக்கிறது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்களா? இல்லை. வெறும் தூக்கைத் திருப்பித் தரக்கூடாதே! ஞாயிற்றுக்கிழமை பாயசம் வைத்தால் அதில் கொஞ்சம், இல்லையென்றால் கொல்லையில் பறித்த முருங்கைக்காய் நான்கு. எதுவுமே இல்லாவிட்டால் கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அந்தத் தூக்கு வீடு திரும்பும்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் ஆரணி மாதிரியான நெசவு ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே வீடுதான் தொழிற்கூடம்!

பாவு நீளும் தெருவில்...

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணிக்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று, புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு. இன்னொன்று அரிசி. ஆரணி, களம்பூர் என்று ஊர்ப் பெயர் போட்ட அரிசி மூட்டைகளைச் சென்னைக் கடைகளிலும் பார்க்கலாம்.

நெசவாளர் வீட்டில் நடுக்கூடத்தையே தறி எடுத்துக்கொள்ளும். ஒருவர் தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் தார் சுற்றிக்கொண்டிருப்பார். சமையலும் அதே வீட்டில், நாலடி தள்ளி. குழம்பு தாளிக்கும் வாசனை அடுத்த தறி வரைக்கும் போகும். "என்னக்கா, இன்னைக்கு உங்க வீட்ல கருவாடா?" என்று கேட்டுவிட்டால், மதியம் ஒரு கிண்ணம் வந்துதான் ஆக வேண்டும்.

பாவு போடும் நாளில் தெருவே கூட்டுக் குடும்பமாகிவிடும். பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்துச் சீராக்கும் வேலையை வெயில் ஏறும் முன்னால் முடித்தாக வேண்டும். ஒருவரால் முடியாது, அக்கம்பக்கத்துக் கைகளும் வேண்டும். பாவுக்கு உரியவர் வீட்டிலிருந்து டீ வரும், சில வீடுகளில் டிபனும் வரும். இன்று நம் பாவுக்கு வந்தவர் வீட்டில் நாளை பாவு என்றால் நாமும் போய் நிற்க வேண்டும். வேலையிலும் சாப்பாட்டிலும் ஒரே கணக்குதான்.

யாருக்கு என்ன கொடுப்பது?

சாப்பாட்டைப் பகிர்வதற்கு முன்னால் எதிர் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆரணி வட்டாரத்தில் தமிழ்ச் சமணர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பூண்டியில் அவர்களுடைய பழமையான கோயில் இருக்கிறது. அவர்களில் நோன்பு காப்பவர்கள் பொழுது சாய்வதற்குள் இரவு உணவை முடித்துவிடுவார்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகளைத் தவிர்ப்பவர்களும் உண்டு. அந்த வீட்டுக்குச் சாம்பார் கொடுக்கப் போகிறவர் என்ன போட்டோம், எத்தனை மணிக்குக் கொண்டுபோகிறோம் என்று இரண்டையும் யோசிப்பார்.

நெசவையே தொழிலாகக் கொண்ட சௌராஷ்டிரக் குடும்பங்களும் ஆரணியில் உண்டு. அவர்கள் வீட்டுப் புளியோதரைக்கு மதுரை தொடங்கி அவர்கள் வாழும் ஊர்களிலெல்லாம் தனி மரியாதை. ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை வாங்க, மற்ற மதத்துக் குழந்தைகளும் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பதை வட மாவட்டங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஆடி மாதக் கூழ். கேழ்வரகுக் கூழை வீட்டுக்கு வீடு காய்ச்சி, குடத்தில் எடுத்துக்கொண்டு போய் அம்மன் கோயில் கொப்பரையில் ஊற்றுவார்கள். ஒரு வீட்டுக் கூழ் கெட்டியாக இருக்கும், இன்னொரு வீட்டுக் கூழில் உப்பு தூக்கலாக இருக்கும். கொப்பரையில் கலந்த பிறகு எது யார் வீட்டுக் கூழ் என்று சொல்ல முடியாது. சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் தொட்டுக்கொண்டு தெருவே குடிக்கும்.

"நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?"

முகூர்த்தப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து குடும்பத்தோடு ஆரணிக்கு வருகிறவர்கள் உண்டு. புடவை எடுத்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். பில் போடும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?"

ஜரிகையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியவர் இந்தக் கேள்விக்குச் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார். வந்திருப்பதில் வயதானவர்கள் எத்தனை பேர், சைவமா அசைவமா, குழந்தைகள் காரம் தாங்குவார்களா என்று விசாரிப்பார். காரணம் எளிது. சாப்பாடு சரியில்லை என்றால், அடுத்த கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வரும்போது முதலில் அதைத்தான் சொல்லிக் காட்டுவார்கள்!

நாக்கு நீளமானவர்களுக்கு ஆரணி நல்ல இடத்தில்தான் இருக்கிறது. வடக்கே ஆற்காடு. உள்ளே உலர் பழமும் பருப்பும் வைத்து, பொரித்து, ஜீராவில் ஊறப்போட்ட மக்கன் பேடாவுக்குப் பேர் போன ஊர். அதைத் தாண்டிப் போனால் ஆம்பூர். சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் விழுது, தொட்டுக்கொள்ளப் புளிப்பாக ஒரு கத்தரிக்காய் என்று அந்த பிரியாணிக்குத் தனி இலக்கணமே உண்டு. "ஆம்பூர் பிரியாணி" என்று போர்டு மாட்டிய கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அதில் எது அந்த இலக்கணப்படி தம் போட்டது என்பதைச் சாப்பிட்டவர் சொன்னால்தான் தெரியும்.

ஊரை உலுக்கிய செப்டம்பர்

2021 செப்டம்பரில் இந்தப் பேச்சு வேறு மாதிரி ஆனது. ஆரணியில் ஓர் அசைவ உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிட்ட 10 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதே உணவகத்தில் சாப்பிட்ட பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உணவகத்துக்கு சீல் வைக்கப்பட்டது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பரில், நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். 2025 ஏப்ரலில், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை விதித்தது.

பிறந்தநாள், சம்பள நாள், விருந்தாளி வந்த நாள் என்று குடும்பங்கள் ஆசையாகப் போகும் இடம் உணவகம். அங்கே போகச் சொல்லி யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். "டேஸ்ட் சூப்பர்" என்று சொல்வதோடு பரிந்துரை முடிந்துவிடுவதில்லை என்பதை இந்தச் சம்பவங்கள் வலியோடு சொல்லிக் கொடுத்தன. ரீல்ஸ் போட்டவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கடையைக் கைகாட்டிய பக்கத்து வீட்டு அண்ணன் நாளைக்கும் அதே தெருவில்தான் இருப்பார். அவர் வார்த்தைக்கு மதிப்பு அதிகம், பொறுப்பும் அதிகம்.

ஒரு கடையை மற்றவருக்குச் சொல்லும் முன் பார்க்க வேண்டியவை பெரிய வித்தை இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா? கோழிக்கறி எலும்புவரை வெந்திருக்கிறதா, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா? கை கழுவும் இடமும் தண்ணீரும் எப்படி? கூட்டம் நகர்கிறதா, அல்லது காலையில் செய்தது மாலைவரை கிடக்கிறதா? தவறு தெரிந்தால் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் சொல்லலாம்.

வீட்டுச் சாப்பாட்டுக்கும் கணக்கு உண்டு

'வீட்டில் செய்ததுதானே, ஒன்றும் ஆகாது' என்று நினைக்க வேண்டாம். கிருமிக்கு வீடு, ஓட்டல் என்ற வித்தியாசம் கிடையாது. பகிர்ந்து சாப்பிடுபவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் சுருக்கம் இது:

* சமைத்த உணவைச் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சூடாகப் பரிமாறுவதானால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். எடுத்து வைப்பதானால் ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழ்.

* மறுபடி சூடாக்கும்போது ஓரம் மட்டும் கொதித்தால் போதாது. நடுப்பகுதியும் 70 டிகிரியைத் தொட வேண்டும்.

* பச்சை இறைச்சி நறுக்கிய கத்தி, பலகையைக் கழுவாமல் காய்கறி நறுக்கக் கூடாது.

அரிசி ஊர்க்காரர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வெந்த சோறு வெளியே நெடுநேரம் கிடந்தால் அதில் பெருகும் ஒரு வகை பாக்டீரியா நச்சுப்பொருளை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அதனால் புளியோதரையோ பிரியாணியோ, பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் மிஞ்சிய பிறகு கொடுக்காமல், இறக்கியதுமே எடுத்து வைத்துக் கொடுப்பது நல்லது. "காலையில செஞ்சது, ராத்திரிக்கு வெச்சுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வதில் தப்பே இல்லை. "தேங்காய் அரைச்சு ஊத்தியிருக்கேன், சீக்கிரம் சாப்பிட்டுடுங்க" என்று நம் பாட்டிகள் சொன்னதும் இதைத்தான்.

வாங்கிக்கொள்கிறவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. உப்பு குறைந்திருந்தால் உப்பு குறைச்சல் என்று சொல்லலாம். வயிற்றுக்குச் சேரவில்லை என்றால் அதையும் தயங்காமல் சொல்ல வேண்டும். மனசு நோகுமே என்று மறைத்தால், அதே குழம்பு இன்னும் நான்கு வீட்டுக்குப் போகும்.

நன்றாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூக்கைக் கழுவித் துடைத்து மேடையில் வையுங்கள். அடுத்த முறை உங்கள் வீட்டில் நன்றாக வந்த ஏதோ ஒன்று, சூடு ஆறுவதற்குள் அதில் ஏறட்டும்!