சேற்றுப்புண்ணும் ஈரல் சீழும்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அந்தத் தண்ணீர் பாயும் வயல்களில் சம்பா நடவு முடிகிற சமயம் யாருடைய காலையாவது பாருங்கள். விரலிடுக்கு வெள்ளையாக ஊறி, வெடித்து, மஞ்சள் பற்றுப் போட்டிருக்கும். சேற்றுப்புண்ணை இங்கே யாரும் வியாதியில் சேர்ப்பதில்லை. சுகர் உள்ளவர்கள் சேர்த்துக்கொள்வது நல்லது; அந்தப் புண் வழியே ஏறும் கிருமி ஈரல் வரை போகலாம்.

ஈரலில் சீழ் பிடித்தால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். சிலருக்கு வலது தோளும் வலிக்கும்; நடவு அலுப்பு என்று தைலம் தேய்ப்பார்கள். சோறு இறங்காது. கொஞ்ச நாளில் வேட்டி இடுப்பில் நிற்காது. கடையில் வாங்கிய மாத்திரைக்குத் தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறும். ஸ்கேன் எடுத்தால்தான் விஷயம் தெரியும்.

ஈரல் கட்டி என்றதும் “குடிப்பாரா?” என்று கேட்டுவிடுகிறோம். அமீபாக் கட்டி என்றால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பாக்டீரியாக் கட்டி, ஒரு சொட்டுத் தொடாத சுகர்காரருக்கும் பித்தப்பைக் கல் உள்ளவருக்கும் வரும். கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்ற குடல் கிருமிகளே பெரும்பாலும் காரணம்.

வயலில் இறங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கிருமி வேறொன்று. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்ந்து, புண் வழியாகவும் உடம்பில் ஏறி, ஈரலிலும் மண்ணீரலிலும் தேன்கூடு மாதிரி கட்டிகளை உண்டாக்கும். அந்த நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். ரங்கூனில் பிணப்பரிசோதனை செய்துவந்த ஆல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ்.கிருஷ்ணசாமியும் 1912-ல் இதை முதன்முதலாக எழுதினார்கள். விட்மோர் நோய் என்ற பெயர் நிலைத்தது. கிருஷ்ணசாமியை நம்மவர்களே மறந்தோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1990-களிலேயே இந்த நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உலகில் ஆண்டுக்கு சுமார் 1,65,000 பேருக்கு வந்து, 89,000 பேரைக் கொல்கிறது என்பது 2016-ல் வெளியான மதிப்பீடு.

சீழை ஊசியால் உறிஞ்சுவார்கள், அல்லது மெல்லிய குழாய் சொருகிப் பையில் வடியவிடுவார்கள். அதில் கொஞ்சம் கல்ச்சருக்குப் போயாக வேண்டும். போனாலும் மெலியாய்டோசிஸ் கிருமியைச் சாதாரண சூடோமோனாஸ் என்று லேப் ஒதுக்கிவிடுவது உண்டு. காசநோய் என்று மருந்து ஆரம்பித்துவிடுவதும் உண்டு. “வயல் வேலை செய்கிறேன், சுகர் இருக்கிறது” என்று நோயாளியே முந்திக்கொண்டு சொல்லிவிடலாம்.

வழக்கமான பாக்டீரியாக் கட்டிக்கு நாலு முதல் ஆறு வார மருந்து போதும். மெலியாய்டோசிஸுக்கு முதலில் வாரக்கணக்கில் ஊசி, பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். ஆனால் அதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும், உடம்பு தேறியிருக்கும், அறுப்பும் நெருங்கியிருக்கும். பாதி தின்ற மாத்திரை அட்டை அலமாரியில் கிடக்கும்போதுதான் நோய் திரும்ப வருகிறது.