யார் பிரித்தார்கள் அந்தக் கேஸ் ஷீட்டை?

"முதல் தடவை கலைஞ்சு போச்சாமே, பாவம்!" என்று வார்டு ஆயா சொன்னதும் என் நாத்தனார் மகளின் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்திலேயே மாமியார்! கணவனும் டாக்டரும் மட்டுமே அறிந்த சங்கதி அது. அந்த அம்மாள் மூன்று நாள் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. யார் சொன்னது என்று விசாரித்தேன். "நாங்க யாரும் சொல்லலைம்மா" என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

இதே கேள்வியோடு ஒரு பெண் பல வருஷம் கோர்ட் படியேறியிருக்கிறாள், தெரியுமோ? ஃபின்லாந்து நாட்டு நர்ஸ். அவள் பெயரைத் தீர்ப்பில்கூட வெளியிடவில்லை. 'ஐ' என்ற ஒற்றை எழுத்துதான். 1989 முதல் 1994 வரை ஓர் ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் தற்காலிக வேலை. அவளுக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. சிகிச்சையும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

கூட வேலை செய்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று 1992-ல் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அந்நாளில் அங்கே ஊழியர்கள் எல்லோருமே நோயாளிகளின் பதிவேட்டைப் பார்க்கலாமாம்! டாக்டரிடம் சொன்ன பிறகுதான் கட்டுப்பாடு வந்தது. அவளை வேறு பெயரில் பதிந்தார்கள். 1995-ல் வேலை நீட்டிப்பும் கிடைக்கவில்லை.

"என் ரிக்கார்டை யார் பார்த்தது?" என்று கேட்டாள். கடைசியாக ஐந்து தடவை பார்த்த விவரம்தான் இருக்கும், அதிலும் எந்தப் பிரிவு என்றுதான் தெரியும், ஆள் தெரியாது என்று பதில். நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டாள். யார் பார்த்தார்கள் என்று நீ நிரூபிக்கவில்லையே என்று உள்ளூர்க் கோர்ட்டுகள் தள்ளிவிட்டன. பூட்டே போடாத வீட்டில், பறிகொடுத்தவளே திருடனைப் பிடித்து வரவேண்டுமாக்கும்!

அவள் விடவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 ஜூலை 17-ல் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. யார் பார்த்தார்கள் என்று குறித்து வைக்காதது ஆஸ்பத்திரியின் குறை. அதற்காக அவளைத் தோற்கடிப்பது நியாயமல்ல. பின்னால் நஷ்ட ஈடு கேட்க வழி இருந்தால் மட்டும் போதாது, முதலிலேயே ரகசியத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பண நஷ்டத்துக்கு 5,771.80 யூரோ, மன வேதனைக்கு 8,000 யூரோ, செலவுக்கு 20,000 யூரோ கொடுக்கும்படி ஃபின்லாந்து அரசுக்கு உத்தரவு. வேதனைக்கு விலை 8,000தானா என்று எனக்கு ஆற்றாமைதான்.

அடுத்த செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். "இந்த ஃபைலை யார் யார் பார்க்கலாம்? பார்த்தவங்க கையெழுத்துப் போடுவாங்களா?" என்று கேட்டேன். கவுண்ட்டர் பெண் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, "மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேம்மா" என்று உள்ளே போனாள். போகும்போது ஃபைலை மேஜையில் விட்டுவிடாமல் கையோடு எடுத்துப் போனாள்.