வீட்டுத் திரையில் மூன்று வழக்குகள்

கொட்டகைக்குப் போகாமல் வீட்டிலிருந்தபடியே படம் பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் நன்றாக வேரூன்றிவிட்டது. மாதச் சந்தா கட்டுவோருக்கு ஓடிடி கம்பெனிகள் ஆயிரக்கணக்கான படங்களையும் தொடர்களையும் இண்டர்நெட் வழியே வீட்டிலேயே கொண்டுவந்து குவிக்கின்றன. ஆனால் இவ்வளவு பெரிய குவியலில் எதைப் பார்ப்பது? கம்பெனியார் முகப்பில் எதை நிறுத்துகிறார்களோ அதைப் பார்த்துவிட்டு உறங்கப் போவோரே பெரும்பாலோர். சந்தையில் கடைக்காரன் முன்வரிசையில் அடுக்கியிருந்த கத்தரிக்காயை அப்படியே வாங்கி வருகிறவனுக்கு வீட்டில் என்ன வரவேற்புக் கிடைக்கும் என்பது நேயர்கள் அறிந்ததே.

பொது வாழ்வில் சிரத்தை கொண்டவர்கள் அவசியம் பார்க்கவேண்டியவை என்று மூன்றை நாம் சிபார்சு செய்கிறோம். ஒன்று தமிழ்ப் படம். மற்ற இரண்டில் ஒன்று அமெரிக்கத் தொடர், இன்னொன்று பிரிட்டிஷ் தொடர். மூன்றும் உண்மையில் நடந்த வழக்குகளைப் பற்றியவை. குற்றமற்றவர்களைக் குற்றவாளிகளாக்கிய கதையே மூன்றும். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால்தான் இவற்றின் முழுப் பலனும் கிடைக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது 'ஜெய் பீம்'. த. செ. ஞானவேல் இயக்கிய இப்படம் கொட்டகைகளுக்கு வராமலே 2021 நவம்பர் 2-ந் தேதி அமேஸான் பிரைம் வீடியோவில் நேராக வெளியாயிற்று. 1993-ல், இன்றைய கடலூர் மாவட்டத்திலுள்ள முதனைக் கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற ஏழைத் தொழிலாளியைத் திருட்டுக் குற்றம் சாட்டிப் போலீஸார் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பி வரவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றார்கள் போலீஸார். அவருடைய மனைவி சென்னை ஹைக்கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். அவருக்காக வாதாடிய வக்கீல் சந்துரு, பிற்காலத்தில் அதே ஹைக்கோர்ட்டில் ஜட்ஜாக வீற்றிருந்தவர்.

வக்கீலாக சூர்யா நடித்திருக்கிறார். அவரைச் சற்று அதிகமாகவே வீர புருஷராக்கிவிட்டார்கள் என்று சொல்லாமலிருக்க முடியவில்லை. உண்மையில் இப்படத்தின் உயிர் செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸிடம் இருக்கிறது. வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம் என்று போலீஸார் கெஞ்ச, ஜீப்பில் ஏற மறுத்துப் பெண் குழந்தையுடன் அவள் நடந்தே போகிறாள். ஜீப் அவள் பின்னால் ஊர்ந்து வருகிறது. அந்த ஒரு காட்சி நூறு பிரசங்கங்களுக்குச் சமானம். குறை ஒன்று சொல்லவேண்டும்: ராஜாக்கண்ணு குறவர் வகுப்பினர், படத்திலோ இருளராகக் காட்டப்படுகிறார். நியாயத்துக்காக அத்தனை பாடுபட்ட ஒரு சமூகத்தின் பெயரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டது சரியென்று நமக்குத் தோன்றவில்லை.

சட்டம் அறிந்த நேயர்கள் இங்கே ஒன்று கேட்கலாம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் இந்தியக் கோர்ட்டுகளில் செல்லாதே; 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு அவ்வாறு தடுத்தது; 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் புதிய சட்டமும் அந்தத் தடையை வைத்திருக்கிறதே; பின் எதற்காக அடிக்கிறார்கள்? விடை அதே சட்டத்தில் இருக்கிறது. கைதி சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவல் மட்டும் சாட்சியமாகச் செல்லும். ஆகவே நகை எங்கே என்ற கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே அடி விழுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் பல காட்சிகளின் உட்பொருள் விளங்கும். வெற்றிமாறனின் 'விசாரணை'யையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். ஆந்திரத்தில் போலீஸாரிடம் தாம் பட்டதை ஓர் ஆட்டோ டிரைவர் புஸ்தகமாக எழுத, அதிலிருந்து பிறந்த படம் அது.

இரண்டாவது 'வென் தே ஸீ அஸ்' என்ற அமெரிக்கத் தொடர். ஏவா டுவர்னே இயக்கி 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது, நாலே பாகம். 1989 ஏப்ரலில் நியூயார்க் ஸென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் கொடுமையாகத் தாக்கப்பட்டாள். கறுப்பரும் ஸ்பானியப் பாஷைக் குடும்பத்தினருமான ஐந்து பையன்கள் பிடிபட்டார்கள். நால்வருக்கு 14, 15 வயது, ஒருவனுக்கு 16. மணிக்கணக்கான விசாரணைக்குப் பின் நால்வருடைய வாக்குமூலங்கள் வீடியோவில் பதிவாயின. அவை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மரபணுப் பரிசோதனையும் ஐவரில் எவரையும் காட்டவில்லை. ஆயினும் ஜூரிகள் அந்த வாக்குமூலங்களையே நம்பினார்கள். நகரத்துத் தினசரிகளில் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி முழுப்பக்க விளம்பரம் கொடுத்த செல்வந்தர் பிற்காலத்தில் அந்நாட்டின் ஜனாதிபதியானார் என்பது ஒரு வேடிக்கை.

உண்மைக் குற்றவாளி 2002-ல் தானே ஒப்புக்கொண்டான். ஐவரின் தண்டனைகளும் அவ்வருஷம் ரத்தாயின. 2014-ல் நகரசபை 4 கோடியே 10 லட்சம் டாலர் நஷ்ட ஈடு தர இசைந்தது. ஐவரில் ஒருவரான யூசுப் ஸலாம் 2023-ல் அதே நகரசபைக்கு அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாலாம் பாகத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. பெரியவர்களுடைய சிறையில் தள்ளப்பட்ட 16 வயதுப் பையனின் கதை அது. பையனாகவும் வளர்ந்த மனிதனாகவும் ஜரெல் ஜெரோம் ஒருவரே நடித்து எம்மி பரிசு பெற்றார்.

இதிலும் ஒரு சர்ச்சை உண்டு. தம்மைத் தவறாகச் சித்திரித்ததாக அக்காலத்துப் பிராஸிக்யூட்டர் ஒருவர் தொடுத்த மானநஷ்ட வழக்கு 2024-ல் ராஜியில் முடிந்தது. பாத்திரங்களும் சம்பவங்களும் நாடகத்துக்காக மாற்றப்பட்டிருக்கின்றன என்ற அறிவிப்பை நெட்ஃபிளிக்ஸ் தொடரின் ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தது. பார்ப்பவர்கள் அந்த அறிவிப்பைத் தள்ளிவிட்டு ஓடாமல் படிப்பது நல்லது.

மூன்றாவதுதான் நமக்கு மிகவும் பிடித்தது. 'மிஸ்டர் பேட்ஸ் வெர்ஸஸ் தி போஸ்ட் ஆபீஸ்'. இதில் அடி இல்லை, இரத்தம் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 'ஹொரைஸன்' என்ற கணக்கு யந்திரத்தை 1999 முதல் பிரிட்டிஷ் தபாலாபீஸ்களில் வைத்தார்கள். அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிராமத்துச் சப்-போஸ்ட்மாஸ்டர்கள் ஒப்பந்தப்படி கைப்பணத்தைப் போட்டுச் சரிக்கட்டினார்கள். இயலாதவர்கள் திருடர்களென்று கூண்டிலேற்றப்பட்டார்கள். உதவி கேட்டு டெலிபோன் செய்தவர்களிடம் "உங்களுக்கு மட்டுமே இப்படி நேர்கிறது" என்ற பதிலே வந்தது. கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்திருக்கும் என்று அனுமானிப்பது இங்கிலாந்துச் சட்டம். 900-க்கு மேற்பட்டோர் தண்டனையடைந்தனர். அவர்களில் மிகப் பலரின்மீது போஸ்ட் ஆபீஸ் நிர்வாகமே நேராக வழக்குத் தொடுத்தது.

வேல்ஸ் நாட்டில் லாண்டுட்னோ என்ற கடற்கரை ஊரில் போஸ்ட்மாஸ்டராயிருந்த ஆலன் பேட்ஸ் பணம் கட்ட மறுத்தார். 2003-ல் வேலை போயிற்று. தம்மைப் போன்றவர்களைத் தேடிச் சேர்த்தார். 2009-ல் ஒரு வாரப் பத்திரிகை விஷயத்தை அம்பலப்படுத்தியது. 555 பேர் கூடி வழக்காடி 2019-ல் வென்றார்கள். யந்திரத்தில் பிழையிருந்தது என்று ஹைக்கோர்ட்டே தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் பெரும்பாலோரின் தண்டனை அப்படியே இருந்தது!

2024 ஜனவரி 1 முதல் 4 வரை, நாலு இரவுகள் ஐ.டி.வி. இந்நாடகத்தை ஒளிபரப்பியது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். ஜனவரி 10-ந் தேதி பிரதம மந்திரி புதுச் சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். மே மாதத்தில் பார்லிமெண்டு ஒரே சட்டத்தால் நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனையைத் துடைத்தது. பதினைந்து வருஷம் பத்திரிகை எழுதியும், ஹைக்கோர்ட்டுத் தீர்ப்பு வந்தும் அசையாத சர்க்கார் நாலு நாள் நாடகத்தில் அசைந்தது. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு இது உவப்பான செய்தியல்ல. பற்றாக்குறை, மென்பொருள், மேல்முறையீடு என்று நாங்கள் எழுதும்போது பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்கள், கண்ணெதிரே தொகை இரட்டிப்பாவதைக் கண்டு விம்மும் ஒரு கிராமத்துக் கடைக்காரியைத் திரையில் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். நாடகம் எழுத ஆளில்லாத நிரபராதிகளின் கதி என்ன என்ற கேள்வி மட்டும் நம்மை விடுவதாயில்லை. ரேஷன் கடை முதல் பாங்கி வரை கணக்கெல்லாம் யந்திரத்திடம் போய்விட்ட நம் நாட்டில் இது தூரதேசத்து விவகாரமன்று.

நாடகம் வெற்றியோடு முடிகிறது. வாழ்க்கை அப்படி முடியவில்லை. இவ்விவகாரத்தை விசாரித்த கமிஷன் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின் முதற் பகுதி, குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்கிறது. தொடரைப் பார்த்தவர்கள் அந்த அறிக்கையையும் படிக்கலாம். இண்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது.

பார்க்கும் விதம் பற்றி இரண்டு வார்த்தை. ரயிலில் போகும்போது கைபேசியில் துண்டு துண்டாகப் பார்க்கத் தக்கவை அல்ல இவை. வாசகசாலையிலோ சங்கத்திலோ பேச்சு நடத்துகிற அன்பர்கள் நண்பர்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு விவாதிக்கலாம். 'ஜெய் பீ'மின் சித்திரவதைக் காட்சிகளும் அமெரிக்கத் தொடரின் சிறைக் காட்சிகளும் சிறுவர்களுக்கு ஏற்றவையல்ல. பிரிட்டிஷ் தொடரை எல்லோரும் பார்க்கலாம்; தினம் ஓர் அத்தியாயமாகப் பார்த்தால், அந்நாட்டார் பார்த்தது போலவே நாலு இரவில் முடிந்துவிடும்.