உயிரணுக்களின் ஒட்டுறவு

பினாங்குக் கொடிமலையின் ஓடைகளில் மெலிந்த கால்களையுடைய சிறு தேரை ஒன்று வாழ்கிறது. 1870இல் அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, தீவின் பெயரையே அதற்குச் சூட்டினார்: அன்சோனியா பெனாங்கென்சிஸ். அதன் தலைப்பிரட்டைகள் பாறையை வாயால் பற்றிக்கொண்டு நீரோட்டத்தைத் தாக்குப்பிடிக்கின்றன. தேரையோ தவளையோ, தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால்தான் முதலில் கண்ணில் படும். முன்னங்கால் செவுள் அறைக்குள் மறைவாக வளர்ந்து பிறகு வெளிவரும்.

காலாகப் போவது தொடக்கத்தில் வெறும் மொட்டு. உள்ளிருக்கும் உயிரணுக்கள் பார்வைக்கு ஒரே மாதிரி. தொடை எது, விரல் எது என்று அவை எப்படிப் பிரிகின்றன? விடையின் ஒரு பகுதி, அவை ஒன்றோடொன்று எவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்கின்றன என்பதில் இருக்கிறது.

1955இல் டவுன்ஸும் ஹோல்ட்ஃபிரட்டரும் நீர்நில வாழ்விகளின் கருவைத் தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்துக் கலந்துவிட்டார்கள். அவை தாமாகவே இனம் பிரிந்தன. தோலுக்குரியவை வெளிப்புறம் சேர்ந்தன. இறுக்கமாக ஒட்டுபவை நடுவே திரளும், தளர்வாக ஒட்டுபவை அவற்றைச் சூழும் என்று மால்கம் ஸ்டைன்பெர்க் விளக்கம் தந்தார்.

இதைக் கைகால்களில் சோதிக்க உதவியது மெக்சிகோவின் ஆக்சலாட்டல். இந்தச் சாலமாண்டர், வெட்டுண்ட கையை முழுதாகத் திரும்ப வளர்த்துக்கொள்ளும். 1983இல் நார்டியும் ஸ்டோக்கமும், மணிக்கட்டை வெட்டிய இடத்தில் முளைத்த மொட்டையும் மேற்கையில் முளைத்த மொட்டையும் சேர்த்து வைத்தார்கள். மேற்கைத் திசு மணிக்கட்டுத் திசுவை மெல்ல மூடிக்கொண்டது. ஒரே இடத்து மொட்டுகள் இரண்டைச் சேர்த்தபோது எதுவும் எதையும் மூடவில்லை. நுனியை நெருங்க நெருங்க ஒட்டுதல் கூடுகிறது! இவ்வளவு எளிய சோதனையில் இவ்வளவு தெளிவான பதில் கிடைப்பது அபூர்வம்.

வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் இந்த ஒழுங்கை மாற்றிவிடும். அதைப் பெற்ற மணிக்கட்டு மொட்டு மேற்கை மொட்டுப் போலவே நடந்துகொள்ளும். மணிக்கட்டிலிருந்தே முழுக் கை முளைக்கும். 2002இல் லண்டனில் ஜெரமி பிராக்ஸின் குழு, நியூட் என்ற சாலமாண்டரில் புராட்1 என்ற புரதத்தைக் கண்டறிந்தது. உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும் அது, தோள்பக்கம் மிகுந்தும் நுனிப்பக்கம் குறைந்தும் காணப்படுகிறது. அதைத் தடுத்தால், ஒன்றை ஒன்று மூடுவதும் தடைபடுகிறது.

வைட்டமின் ஏ-யின் இந்த ஆற்றலை முதலில் கவனித்தவர்கள் இந்தியர்கள். அது மிகையானால் தேரைத் தலைப்பிரட்டைகளின் கால் இயல்பு மாறி வளர்வதை நியாசியும் சக்சேனாவும் 1978இலேயே எழுதினார்கள். 1992இல் புவனேஸ்வரத்தின் உத்கல் பல்கலைக்கழகத்திலிருந்து, ஒடிசி நடனக் கலைஞருமான பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடியும் சக ஆய்வாளர்களும் இன்னும் வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டிலும் வாழும் யூப்பெரோடான் சிஸ்டோமா தவளையின் தலைப்பிரட்டைகளுக்கு வாலை வெட்டி வைட்டமின் ஏ கொடுத்திருந்தார்கள். வால் இருந்த இடத்தில் பின்னங்கால்கள் முளைத்தன.