கொலை வழக்கிலும் ஜாமீன் கிடைக்குமா? நீதிமன்றம் பார்ப்பது என்ன?

கொலை வழக்கில் கைதான ஒருவர் ஜாமீனில் வெளியே வந்தால், "கேஸ் முடிஞ்சு போச்சா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். முடியவில்லை. ஜாமீன் விடுதலை அல்ல; ஜாமீன் மறுப்பு தண்டனையும் அல்ல. தீர்ப்பு வரும்வரை அவர் சிறையில் இருக்கணுமா, வெளியே இருக்கலாமா என்பதை மட்டுமே நீதிமன்றம் அப்போது முடிவு செய்கிறது.

எங்கே மனு போடுவது?

மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் செய்தார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், மாஜிஸ்திரேட் பொதுவாக ஜாமீன் தர முடியாது. பெண்கள், சிறார், நோயுற்றவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் செஷன்ஸ் நீதிமன்றத்தை நாட வேண்டும். அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம். சாந்தோமில் இருப்பவர்கள் காமராஜர் சாலை வழியே நேராகப் பாரிமுனைக்குப் போனால் போதும். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சென்னை முதன்மை செஷன்ஸ் நீதிமன்றமும் இருக்கிறது.

நீதிபதி எதைப் பார்ப்பார்?

இதற்கு நம் மாநில வழக்கு ஒன்றே நல்ல உதாரணம். 2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் கொலை செய்யப்பட்டார். அந்த வழக்கில் நவம்பர் மாதம் காஞ்சி ஜெயேந்திர சரஸ்வதி கைதானார். சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது; 2005 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கியது. அந்த உத்தரவில் சொன்ன அளவுகோல்கள்தான் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன:

• குற்றம் எவ்வளவு கடுமையானது?
• இதுவரை கிடைத்த சாட்சியம் எப்படிப்பட்டது?
• மனுதாரரின் தனிப்பட்ட சூழ்நிலை என்ன?
• விசாரணைக்கு வராமல் தப்பி ஓடுவாரா?
• சாட்சிகளைக் கலைப்பாரா?
• பொதுநலன் பாதிக்கப்படுமா?

அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது 2013 நவம்பர் 27 அன்றுதான். குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் புதுச்சேரி நீதிமன்றம் விடுவித்தது. ஜாமீனுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஏறத்தாழ ஒன்பது வருஷம்! ஜாமீன் உத்தரவு ஏன் முக்கியம் என்பது இதிலேயே புரியும்.

சில சட்டங்களில் கெடுபிடி அதிகம். வணிக அளவு போதைப்பொருள் வழக்கில் (கஞ்சா என்றால் 20 கிலோவுக்கு மேல்) மனுதாரர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே திருப்தி ஏற்பட வேண்டும்.

90 நாள் கணக்கை மறக்காதீங்க

கொலை போன்ற வழக்கில் காவலில் வைத்த 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் பெறுவது உரிமையாகிவிடும். ஆனால் அது தானாக வராது. குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே மனு போட்டாக வேண்டும்.

ஜாமீன்தாரர் கிடைக்கலைன்னா?

1978-ல் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அதை ஏற்க மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னது. நிபந்தனை உங்கள் சக்திக்கு மீறியதாக இருந்தால், அதைத் தளர்த்தக் கேட்டு மனு செய்யலாம்.

நீங்கள் பாதிக்கப்பட்டவரா?

உங்களுக்கும் வழி உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில், ஜாமீன் விசாரணையில் உங்கள் தரப்பையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். எந்த வழக்காக இருந்தாலும், வெளியே வந்தவர் மிரட்டினால் உடனே புகார் கொடுங்கள். ஜாமீனை ரத்து செய்யக் கோரலாம்.

"நான் பேசி வாங்கித் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க. காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் பெறலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண்: 15100. கூப்பிடும்போது வழக்கு எண், காவல் நிலையத்தின் பெயர், கைதான தேதி மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.